இருநூற்றுப் பன்னிரண்டு பொருட்களை வாங்கிப்போன திரு. தெரியவில்லை

அன்பும், அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள என் மூத்த மகளுக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் அறைத்தோழியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததும் நீ "அப்பா, அதைத் தொட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாய், எனக்கு உடனே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறேன். தொட்டேன். நன்றாகவே தொட்டேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நீ எங்கள் பேருந்து நிலையத்துத் தவறவிட்ட பொருட்கள் அறைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தபோது, "இது ஜாவாஸ்கிரிப்ட்ப்பா, நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க, உள்ளே போகாதீங்க" என்றாய். பதினோரு மாதம் பட்டனை மட்டும்தான் அமுக்கினேன். குடை வந்தால் குடை, பை வந்தால் பை. நிறம், அடையாளம், எந்தப் பேருந்து, எந்த இருக்கை என்று நீ வைத்த கட்டங்களை எல்லாம் ஒன்று விடாமல் நிரப்பினேன். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் திரையில் சிவப்பாக 'விவரம் போதாது' என்று வரும். சிவப்பு வந்தால் ஒப்படைப்புச் சீட்டு அச்சாகாது, சீட்டு இல்லாமல் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார், கையெழுத்து இல்லாத பொருள் வியாழக்கிழமை கழிவு வண்டியில் போய்விடும். இந்த ஒழுங்கெல்லாம் உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வாரம் இதே ஒழுங்குதான் என்னைப் பிடித்துக் கட்டிப் போட்டது.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெரியவர் வந்தார். ஒரு கையில் டிரம்பெட் பெட்டி, இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். "ஃபார், பஃப்புல விட்டுட்டேன்" என்றார். நான் தின்பண்டம் வைக்கும் அலமாரியைத் திறந்து பஃப் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். அவர் மேஜையைத் தட்டி, "பஃப்பு இழ்ழ ஃபார், பஃப்பு! முப்பத்தேழாம் நம்பர் பஃப்பு!" என்று கத்தினார். பிறகு கையை எடுத்து வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசை முழுக்கக் காலி. அப்போதுதான் புரிந்தது, மனிதர் பேருந்தில் பல்செட்டை விட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. பேண்டு வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட் வாசித்தவராம். பல் விழுந்ததிலிருந்து ஊதினால் காற்று நாலு பக்கமும் போகிறது என்று ஜால்ரா தட்டும் வேலைக்கு இறக்கிவிட்டார்களாம். இரண்டு வருஷம் தட்டியிருக்கிறார். பல் வைத்துப் பழகி, பயிற்சியும் செய்திருக்கிறார். இந்தச் சனிக்கிழமை மறுபடி முதல் டிரம்பெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். "ஃபனிக்கிழமை பழ்ழு இழ்ழேன்னா, நான் ஃபெத்தாலும் ஜால்ராதான் ஃபார்" என்றார்.

பல்செட் ஒன்று நம் அலமாரியில் இருந்தது. முன்தினம் நானே பதிந்தது. மேல் வரிசை. நிறம், வெள்ளை மாதிரி. தங்கப்பல் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்லாக எண்ணி, பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். பெரியவரும் தங்கப்பல் கிடையாது என்று விரலை ஆட்டினார். சரி, வேலை முடிந்தது என்று பட்டனை அமுக்கினேன். சிவப்பு. 'தங்கப்பல்: பதிவு செய்யப்படவில்லை. விவரம் போதாது.' மறுபடியும் பூஜ்யம் போட்டேன். சிவப்பு. அழித்துவிட்டு விசையைப் பலமாக அழுத்திப் போட்டேன். சிவப்பு. மேலாளரிடம் போய் நின்றேன். அவர், "கம்ப்யூட்டரே இல்லைங்குது, நீங்க இருக்குங்கறீங்க. நான் யாரை நம்பறது?" என்றார். இருபத்தாறு வருஷம் கூட வேலை பார்த்த என்னை விட்டுவிட்டுப் பதினோரு மாதம் வேலை பார்த்த உன் புரோகிராமை நம்பினார். பெற்றவன் என்ற முறையில் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேறு ஒருத்தனாக இருந்தால் பல்லைக் காகிதத்தில் சுற்றிப் பெரியவர் பையில் போட்டு அனுப்பியிருப்பான். எனக்கும் கை அரித்தது. ஆனால் பதிவு இல்லாமல் ஒரு குண்டூசியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. வியாழக்கிழமை வண்டி வருவதற்குள் சீட்டோடு பல்லைக் கொடுப்பது என்று தீர்மானம் பண்ணினேன். இங்கேதான் விதி விளையாடியது. அலமாரியில் நூற்று நாற்பதாம் பொருளாக ஒரு தடித்த புத்தகம் இருந்தது, அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம். எவரோ பேருந்தில் விட்டது. பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான், மூன்றாவது வருஷம் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினேழாம் பக்கம் வந்துவிட்டேன். முழுக்கப் படிக்கவில்லை, படம் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கத்தில் நம் வியாதி அப்படியே எழுதியிருந்தது. நீ, இருந்தால் என்று கேட்கிற 'இஃப்' போட்டு, அடைப்புக்குள் பொருள், புள்ளி, தங்கப்பல் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? அந்த இஃப், கட்டம் இருக்கிறதா என்று பார்க்காதாம். கட்டத்துக்குள் கையை விட்டு என்ன இருக்கிறது என்று துழாவுமாம். கையில் பூஜ்யம் தட்டுப்பட்டாலும், வெற்றிடம் தட்டுப்பட்டாலும் 'ஒன்றும் இல்லை' என்று கையை உதறிவிடுமாம். நான் கண்ணாடி போட்டு எண்ணிய பூஜ்யத்தை அது மதிக்கவே இல்லை. கட்டம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் 'இன்' என்று ஒரு சொல் இருக்கிறதாம், தங்கப்பல் 'இன்' பொருள் என்று கேட்க வேண்டுமாம்.

நல்லவேளை நீ எல்லாக் கட்டத்துக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தாய். அதனால்தான் இவ்வளவு தூரம் வம்பு பண்ண முடிந்தது. உள்ளே போனேன். இஃபை எடுத்து இன் போட்டேன். திரை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. தங்கப்பல்லுக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட மறந்திருக்கிறேன். போட்டதும் உயிர் வந்தது. பட்டனை அமுக்கினேன், பச்சை! 'தங்கப்பல்: உண்டு. 0.' நாற்காலியில் இருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கையை வைத்த சமயம் ஜன்னலில் ஒரு கல்லூரி மாணவி வந்து நின்று, "அங்கிள், ஒரு தடி புக்கு விட்டுட்டேன், அட்டையில காப்பி கொட்டியிருக்கும்" என்றாள். காப்பிக் கறை பதிவில் இருந்தது. சீட்டு அச்சடித்துப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த அடுத்த பக்கத்தைப் படிக்காமல் விட்டதுதான், மகளே, அடுத்து நடந்த அத்தனைக்கும் காரணம்.

ஒரு வரி மாற்றியதற்கே இவ்வளவு பலன் என்றால் எல்லா வரியும் மாற்றினால் என்ன என்று தோன்றியது. வேலை முடிகிற நேரத்துக்குள் உன் இஃப் அத்தனையிலும் இன் போட்டுவிட்டு, அதற்குள் மேலாளர் கிளம்பிவிட்டதால் நாளைக் காலையில் பல்லை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெரியவருக்குப் போனில் சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அம்மா, "என்ன, ரிட்டயர்மெண்ட்டைத் தள்ளி வெச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால், அறையில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பொருளும் 'உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டுகிறது. குடைகள் அறுபத்தொன்று, ஊன்றுகோல்கள் இரண்டு, ஒற்றைச் செருப்பு, ஒரு தையல் மிஷினின் மேல்பாகம், பல்செட், எல்லாம். யாரிடம் ஒப்படைத்தோம்? ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே பெயர்: தெரியவில்லை. நீ பெயர் இல்லாத இடத்தில் அச்சாக வேண்டும் என்று வைத்திருந்த சொல் அது. ஆனால் பட்டியலைப் பார்ப்பவனுக்கு, தெரியவில்லை என்று ஒரு ஆள் வந்து அறுபத்தொரு குடையையும் அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டார். பெயர்ப் பக்கத்தை அவர் பார்க்கவில்லை, தொகையை மட்டும்தான் பார்த்தார். "ஒரே நாள்ல இருநூத்திப் பன்னெண்டா! யோவ், சரித்திரம்யா இது!" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போயிற்று. அறிவிப்புப் பலகையில் ஒட்ட என்னைப் படமும் எடுத்தார்கள். என் பின்னால் அலமாரி நிறையக் குடை இருந்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்து மணிக்கு டிரம்பெட்காரர் நம்பிக்கையோடு வந்தார். ஒப்படைத்தாயிற்று என்று திரை சொல்கிறது என்றேன். "என் பழ்ழை எவனோ போட்டுக்கிட்டுத் திரியறானா?" என்றார். இல்லை, பல் இதோ இருக்கிறது, பதிவில்தான் இல்லை என்று அலமாரியைக் காட்டினேன். "கண்ணுக்குத் தெரியுது, கொடுக்க மாட்டேங்கறீங்க. இது என்ன ஃபார் நியாயம்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமைக்குள் உங்கள் வாயில் பல் இருக்கும், இது என் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

மத்தியானம் தலைமை அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பு அதிகாரி வந்தார். அவர் மட்டும்தான் பெயர்ப் பக்கத்தைப் படித்தவர்.

"இருநூத்திப் பன்னெண்டையும் வாங்கினது யாரு?"

"தெரியவில்லை சார்."

"அதான் எழுதியிருக்கே. ஆள் யாருன்னு கேக்கறேன்."

"அதான் சார் சொல்றேன், தெரியல."

"பேரை இழுத்து இழுத்துச் சொல்லாதய்யா. எந்த ஊரு?"

"தெரியல சார்."

"அப்பா பேரு?"

"அதுவும் தெரியல சார்."

அவர் நோட்டில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். 'தெரியவில்லை. தகப்பனார் பெயரும் அதுவே. குடும்பமாகச் செயல்படுவதாகச் சந்தேகம்.' கம்ப்யூட்டரில் நான் கை வைத்ததால் வந்த கோளாறு சார் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "உமக்குக் கம்ப்யூட்டர்ல கை வைக்கத் தெரியுமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு என்னைக் காப்பாற்றியது. ஆனால் போகும்போது மேலாளர் காதில், எல்லாம் ஒப்படைத்தாகிவிட்டது என்றால் அலமாரியில் கிடப்பவை என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். மேலாளர் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன என்று பலகையில் ஒட்டியாயிற்று, படமும் எடுத்தாயிற்று. "அப்போ இதெல்லாம் பொருளே இல்ல. குப்பை. வியாழக்கிழமை வண்டியில மொத்தமா ஏத்திடுங்க" என்றார். ஒரு பல்செட்டைக் காப்பாற்றப் போய் மொத்த அறையையும் வண்டியில் ஏற்ற வழி பண்ணி வைத்தேன். உன் அப்பன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான் பார்.

உன்னைக் கூப்பிடத்தான் நினைத்தேன். போனைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் நான் கெடுத்ததை நானே சரிப்படுத்த வேண்டும் என்று ஒரு வெறி. புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த மாணவி ஏறும் நிறுத்தத்தில் போய் நின்றேன், சீட்டில் வழித்தடமும் நிறுத்தமும் எழுதியிருந்தாள். மூன்று பேருந்தை விட்டு நாலாவதில் ஏற வந்தாள். "அம்மா, நூத்திப் பதினேழுக்கு அடுத்த பக்கத்துல என்னம்மா இருக்கு?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு என்னை அடையாளம் தெரிந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அங்கிள், அதை நேத்து மறுபடியும் பஸ்ல விட்டுட்டேன்" என்றாள். தன் புத்தகம் தொலைந்ததைச் சொல்கிற பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அலுவலகத்துக்கு ஓடினேன். மூன்று மணிக்கு ஒரு நடத்துனர், "யாரோ ஒரு புக்கு விட்டுட்டாங்க" என்று கொண்டு வந்து போட்டார். அவசரத்திலும் முறையை விடவில்லை, நிறம், காப்பிக் கறை எல்லாம் பதிந்துவிட்டுத்தான் நூற்றுப் பதினெட்டைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். நீ எல்லாப் பொருளுக்கும் மூத்ததாக 'பொதுப்பொருள்' என்று ஒன்று வைத்து, உரிமையாளர் என்று ஒரு வெற்றுக் கட்டத்தை அதில் போட்டிருக்கிறாய். மற்றதெல்லாம் அதன் வாரிசு. இந்த இன் இருக்கிறதே, அது பொருளிடம் கேட்டு இல்லை என்றால் சும்மா இருக்காது, அதன் அப்பனிடம் போய்க் கேட்கும், பாட்டனிடம் போய்க் கேட்கும், வம்சத்தில் எவரிடம் இருந்தாலும் இருக்கு என்று வந்து சொல்லும். உனக்கு மீசை இருக்கிறதா என்று இன்னிடம் கேட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிடும். அப்படித்தான் குடைக்கும் செருப்புக்கும் உரிமையாளர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பொருளுக்குச் சொந்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்க 'ஹேஸ் ஓன்' என்று தனியாக ஒன்று உண்டாம். அது அக்கம்பக்கம் பார்க்காது. பூஜ்யமாக இருந்தாலும் சொந்தப் பூஜ்யம் என்றால் மரியாதை கொடுக்கும். படித்ததும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. நான் போட்ட இன் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, மேற்கோள் குறி மறக்காமல், ஹேஸ் ஓன் போட்டேன். முப்பத்தொரு இடம். ஒரு இடத்தில் அடைப்பை மூடாமல் விட்டு மறுபடி திரை வெளுத்தது, பயப்படவில்லை, தேடி மூடினேன். ஐந்தே காலுக்குப் பட்டனை அமுக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டும் அறைக்குத் திரும்பி வந்தன. புத்தகத்தோடு இருநூற்றுப் பதின்மூன்று.

வியாழக்கிழமை காலை வண்டி வந்தது. நான் பட்டியலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். "நகருங்க பெரியவரே, மேலிடத்து உத்தரவு" என்றார் வண்டிக்காரர். "இதுல ஒவ்வொண்ணுக்கும் பதிவு இருக்கு. பதிவு உள்ள பொருளை ஏத்தினா நீங்கதான் கையெழுத்துப் போடணும், இருநூத்திப் பதின்மூணு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மேலாளர் பலகையில் இருந்த என் படத்தைத் தாமே கிழித்தார், ஆனால் பல்செட்டின் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பெரியவர் வந்தார். சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, என் கண்ணெதிரே மாட்டிக்கொண்டு, அங்கேயே பெட்டியைத் திறந்து ஒரு ஊது ஊதினார் பார், வெளியே புறப்பட வேண்டிய இரண்டு பேருந்துகள் நின்றுவிட்டன. "சார்" என்றார். வாரம் முழுக்கக் கேட்ட ஃபாரில் இருந்து சார் ஆனதற்கே எனக்குக் கண் கலங்கியது.

ஆகவே நீ எதற்கும் கவலைப்படாதே. வர வேண்டாம். புரோகிராமையும் திருத்த வேண்டாம். இனி அது என் பொறுப்பு. உன் அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்றும் கேட்கச் சொன்னாள். அறைத்தோழிக்கு என் அன்பு. நீ எழுதுகிற ஒவ்வொரு அடைப்பும் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், உன் திரை ஒருநாளும் வெளுக்கக் கூடாது என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் பட்டனோடு நிற்காத
உன் அப்பா

பின்குறிப்பு: வியாழக்கிழமை எழுதிய கடிதத்தை ஞாயிற்றுக்கிழமையாகியும் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாயிற்று. பெரியவர் நேற்றுத் தேர்வில் ஜெயித்துவிட்டார். முதல் டிரம்பெட் அவர்தான். சந்தோஷமாக வீட்டுக்குப் போனால், அவர் மனைவி அவருடைய பல்செட்டை எடுத்து நீட்டினாராம். வீட்டில், குளியலறைக் குவளையிலேயே இருந்திருக்கிறது. இன்று காலை என்னிடம் வந்து, "இது என்னோடதில்ல சார். ஆனா என்னோடதைவிட நல்லா ஊதுது" என்கிறார். அவர் போன பத்தாவது நிமிஷம் ஒரு தலைமை ஆசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். 'பல்செட். மேல் வரிசை. தங்கப்பல் இல்லை. நாளைக் காலை பள்ளியில் பேச வேண்டும்.' பட்டனை அமுக்கினேன். ஒப்படைக்கப்பட்டது என்று பச்சையாக, பிழையே இல்லாமல் வந்தது. பல்லுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்று முப்பத்தொரு இடத்தில் கேட்டவன், பல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. ஆகவே மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. முதல் பேருந்திலேயே வா. தலைமை ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு பெரியவரைத் தேடி வந்து, இதை மைதானத்து ஓரத்தில் நின்று எழுதுகிறேன். பேண்டு வாசித்துக்கொண்டிருக்கிறது, அவர் முதல் வரிசையில் நின்று ஊதுகிறார், முடிந்ததும் கழற்றித் தருகிறேன், வீட்டில் இருப்பதோடு பழகிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் அம்மையார் நின்று கேட்கிறார். இப்போதுதான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினார்: 'அவசரமில்லை. இன்னும் ஒரு பாட்டு வாசிக்கட்டும்.'